பதினோராவது காலின் மேலே

சூரியனை அதட்டி உட்கார வைத்த ஒரே பெண்பிள்ளை இந்த உலகத்தில் என் மருமகள்தான். அவள் ஒரு முறை முறைத்தால் போதும், பத்துக் கோடி டிகிரிச் சூட்டில் கொதிக்கிற வாயு கையைக் கட்டிக்கொண்டு வளையத்துக்குள் ஒழுங்காகச் சுற்றும். சரி, சரி, இதில் முக்கால்வாசி என் சரக்கு. அவளுடைய இயந்திரம் பத்துக் கோடியைத் தொட்டதே இல்லை. ஒரு கோடிக்கே அதற்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அவள் அதட்டியதும் சூரியனை அல்ல, ஓர் இயக்குநரை. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், சூரியனே பரவாயில்லை என்பேன். அது தன் பெயரில் கட்டுரையாவது எழுதாமல் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் 'சுடுதண்ணி' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கோ சேர்ந்த முதல் மாதமே தெரியும். பேர் வைத்த புத்திசாலிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தக் கூடத்தில் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்வதே கடைசியில் தண்ணீரைச் சுட வைக்கத்தான். ஹைட்ரஜன் அணுக்களை மோதி ஒட்ட வைத்தால் வெப்பம் வரும். அந்த வெப்பத்தில் தண்ணீர் கொதித்து, ஆவியில் சக்கரம் சுற்றி, ஊரில் விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான் கனவு. அணுவை ஒட்ட வைக்கச் சூரியச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கப் பாத்திரம் கிடையாது. ஆகவே எந்தச் சுவரிலும் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்துகிறார்கள், ஒரு வளையல் மாதிரி. அப்படி நிற்கிற சுடுவாயுதான் பிளாஸ்மா. காந்தம் எள்ளளவு கோணினாலும் அது சுவரில் முட்டி அணைந்துபோகும்.

அந்த எள்ளளவுதான் கதை.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஒரு வருஷம். இயந்திரத்தை அப்போதுதான் கோத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாடி உயரக் கூடம், மஞ்சள் வண்ணக் கிரேன், நடுவில் எஃகு வளையம். அதன் தலைமேல், பதினாறு இரும்புக் கால்களின் மீது, ஒரு பெரிய செம்புக் காந்த வளையம், கிரீடம் வைத்தமாதிரி. மூடுவதற்கு முன்னால் காந்தம் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் வேலையை இவளிடம் கொடுத்தார்கள். இரும்பு கூடாது என்பதால் மரத்தில் ஒரு குட்டி வண்டி செய்து, அதன் மேல் அளவுகோலை வைத்து, எஃகு வளையத்துக்குள் தவழ்ந்து தவழ்ந்து தள்ளினாள். மூன்று வாரம். முழங்கால் இரண்டும் தோலுரிந்து, வீட்டில் படி ஏறும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்பாள்.

அளவு வந்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னாள். தலைமையில் இருந்த இயக்குநரை எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. பிறக்கும்போதே பெரியவராகப் பிறந்த ஆள்.

"சார், மேல்வளையம் கோணலா இருக்கு. பதினோராவது கால் பக்கம் ஆறு மில்லிமீட்டர் தூக்கியிருக்கு."

"உன் வண்டி கோணலா இருக்கும்மா."

"வண்டியைத் திருப்பி வெச்சு இன்னொரு தடவையும் எடுத்தேன் சார்."

"அப்போ ரெண்டு தடவை கோணல்."

அறை முழுக்கச் சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே அவளுடைய எட்டுப் பக்க அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். "ஆறு மில்லிமீட்டர். ஒரு பென்சில் கனம்கூட இல்ல. அடுத்த வியாழக்கிழமை திறப்பு விழா. அதெல்லாம் பிளாஸ்மா அனுசரிச்சுக்கும்."

அனுசரிச்சுக்கும்! அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள். விடுதியில் கட்டில் உடைந்திருக்கிறதா, அனுசரி. ஆய்வகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையா, அனுசரி. புகுந்த வீட்டில் குறட்டை விடுகிறானா, அனுசரி. கடைசியாகச் சொன்னது நான்தான், மறைப்பானேன். ஆனால் வாயுவுக்கும் இதே உபதேசமா என்று அன்றைக்குத்தான் அவளுக்குக் காது சுட்டது.

பிளாஸ்மாவுக்கு அனுசரிக்கத் தெரியாது. அதனிடம் அவளுக்குப் பிடித்த குணமே அதுதான்.

திறப்பு விழா முடிந்து இயந்திரம் ஓடத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. பொத்தானை அழுத்தினால் பிளாஸ்மா பிறக்கும், ஊதா நிறத்தில் ஜொலிக்கும், ஜோராகச் சுழலும். கண் மூடித் திறப்பதற்குள், ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும், யாரோ கையைப் பிடித்து இழுத்தமாதிரி சுழற்சி நின்றுவிடும். பிறகு 'டம்' என்று சுவரில் மோதல். கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கும். மாடியில் கணக்கர் தேநீர்க் கோப்பையைக் கையால் பிடித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு இருபது தடவை டம். நின்ற இடமும் எப்போதும் ஒரே இடம்.

கோணலான வீட்டில் குடியிருக்கிறவன் வீட்டைப் பழிக்க மாட்டான். பூமி சாய்ந்திருக்கிறது என்பான். பெரியவர் அதைத்தான் செய்தார். பிளாஸ்மாவில் இதுவரை யாரும் காணாத ஒரு புதுவகை நிலைகுலைவு இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். சமன்பாடு போட ஆள் வைத்தார். அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கு மேற்கோள் ஒன்று கூடிப்போகும். நாற்பத்து மூன்று கட்டுரைகள், இரண்டு மாநாடுகள், ஒரு பதக்கம். பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம். எல்லாம் ஒரு பென்சில் கனத்துக் கோணலின் மேல் கட்டிய மாளிகை.

நாலாம் வருஷம் ஒரு கருத்தரங்கில் இவள் கையைத் தூக்கினாள்.

"மத்த எந்த நாட்டு இயந்திரத்துலயும் இந்த நிலைகுலைவு இல்லையே சார். ஏன்?"

"அவங்க இயந்திரம் நம்மளது அளவுக்கு நுட்பமானது இல்ல."

"நுட்பம் இல்ல சார். நொண்டி."

மறுவாரமே அவளைக் கசிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பம்புகளுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. நாள் முழுக்க இரைச்சல், எண்ணெய் நாற்றம், காதில் பஞ்சு. வளையத்துக்குள் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து எல்லாம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வோர் இணைப்பின் மீதும் வெளியிலிருந்து ஹீலியம் பீய்ச்சி, உள்ளே அது வருகிறதா என்று கருவியில் பார்க்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். ஆராய்ச்சிக்கு வந்தவளை ஒட்டடை அடிக்க வைத்தமாதிரி. பிளாஸ்மா பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

கோபத்தை அங்கே விட்டுவிட்டு வரத் தெரியாது அவளுக்கு. என் மகன் காது மூக்கு தொண்டை மருத்துவன்; வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். ஒரு நாள் மாலை மேலே ஏறி வந்து கேட்டான்:

"கதவைச் சாத்தினா போதாதா? ஏன் அறையற?"

"சாத்தத்தான் செஞ்சேன்."

"காது கேக்கலைன்னு வந்த ரெண்டு பேரு திரும்பிப் பார்த்தாங்க. பீஸ் வாங்காம அனுப்பிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேலையை மாத்தினதுல கோபம் இல்ல. சில நாள் எனக்கே தோணுது, வண்டிதான் கோணலோன்னு. அந்த மனுஷன் என்னை அப்படி நினைக்க வெச்சுட்டாரு பாருங்க, அதுக்குத்தான்."

அந்த மரவண்டியை அவள் பண்டக அறையிலிருந்து தேடி எடுத்து, தட்டையான கண்ணாடிப் பலகை மேல் வைத்து, ரசமட்டம் பார்த்தவள். வண்டி நேராகத்தான் இருந்தது. அப்படியும் அடுத்த மாதம் போய் மறுபடி வைத்துப் பார்த்தாள். அடுத்த வருஷமும் பார்த்தாள். சரியென்று தெரிந்த ஒன்றைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வைப்பது எத்தனை பெரிய அயோக்கியத்தனம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

அப்போது ஓர் அறிவிப்பு வந்தது. இயந்திரத்தை நிறுத்தி, உட்சுவரை மாற்றிப் புதுச் சுவர் போடப் போகிறார்கள். எட்டு வாரத்தில் திரும்ப மூடி வெல்டிங் வைத்துவிட்டால், இன்னும் பத்து வருஷத்துக்குத் திறக்க மாட்டார்கள். மேல்வளையத்தை நகர்த்த இனி வழியிருக்காது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இந்த எட்டு வாரத்தில் அந்தக் கோணலை நிமிர்த்தாவிட்டால், தன் ஆயுளில் பாதி ஒரு பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்ததாக ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

நிறுத்துவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. பெரியவருக்குப் பாராட்டு விழா, எல்லோரும் மாலையே அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். மீந்துபோன இயந்திர ஓட்டங்கள் ஆறு. யாருக்கும் வேண்டாம் என்று பட்டியலில் வெற்றிடமாகக் கிடந்தன. இவள் போய் எல்லா வரியிலும் தன் பெயரை எழுதினாள்.

கூட இருந்தது பொத்தானை அழுத்துகிற கட்டுப்பாட்டறைக்காரரும் கிரேன்காரரும். கிரேன்காரர் இயந்திரம் கோத்த நாளிலிருந்தே இருக்கிறவர், வெற்றிலைப்பெட்டி அளவு பேச்சு, மலையளவு உடம்பு. வெல்டிங் கேபிளை எடுத்துக் கூடத்தின் தூண்களில் நாலு பெரிய சுற்றாகச் சுற்றித் தரச் சொன்னாள்.

"எதுக்கும்மா இது?"

"ஆடுற மேசைக்கு எந்தக் கால் குட்டைன்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"தாளை மடிச்சு ஒவ்வொரு காலுக்கும் அடியில வெச்சுப் பார்ப்பேன்."

"அதான். நான் காந்தத்தை மடிச்சு வைக்கப்போறேன்."

முதல் ஓட்டம்: கேபிளில் மின்சாரம் விட்டு, காந்தத்தை ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளினாள். டம், வழக்கத்தைவிடச் சீக்கிரமே. இரண்டாவது, இன்னொரு பக்கம். அதுவும் சீக்கிரம். மூன்றாவது, பிறந்ததும் செத்தது. நாலாவதாக, பதினோராவது காலின் தூக்கலைச் சரிக்கட்டுகிற பக்கம் தள்ளினாள்.

பிளாஸ்மா சுழன்றது. மூன்றில் ஒரு பங்கு வினாடி போயிற்று. அரை வினாடி. திரையில் கோடு நேராக ஓடி, முழு வினாடி முடிந்து, தானாக அடங்கியது. டம் இல்லை. கட்டடம் அசையவில்லை. கட்டுப்பாட்டறைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த நிசப்தத்தைக் கேட்டதில்லை.

ஐந்தாவது ஓட்டமும் அப்படியே. ஆறாவதில் கேபிளை அணைத்தாள்: டம்.

அவள் குதிக்கவில்லை, கும்பிடவில்லை. குப்பைத்தொட்டியை ஓர் உதை விட்டாள். அது மூன்று மேசை தாண்டிப் போய் விழுந்தது. "பன்னிரண்டு வருஷம்," என்றாள். "பன்னிரண்டு வருஷம்!"

கிரேன்காரர் தொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்தக் கால்னு தெரிஞ்சுதாம்மா?"

"பதினொன்னு."

"அங்கயா?" அவர் தலையைச் சொறிந்தார். "அங்க ஒரு தகடு இருக்குமே."

"என்ன தகடு?"

"வளையத்தை இறக்கும்போது, அதைக் கட்டித் தூக்குன வாரை உருவ இடம் வேணும்ல. அதுக்காக நாலு காலு மேல தகடு வெச்சு இறக்கினோம். மூணை எடுத்துட்டோம். பதினொன்னுல ஜாக்கி நுழையல, குழாய் தடுத்துச்சு. திறப்பு விழா முடியட்டும், அப்புறம் எடுக்கலாம்னாங்க. எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா. நீங்க எல்லாம் பிளாஸ்மாவைப் பார்த்தீங்க, நான் கொக்கியைப் பார்த்தேன்."

அவளுக்கு இரண்டாவது முறை தொட்டியை உதைக்கக் கால் வந்தது. ஆனால் இந்தத் தடவை உதைக்க வேண்டியது தன்னையே என்று தெரிந்து நின்றுவிட்டாள். தினமும் அவரைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போனாள். பன்னிரண்டு வருஷமும் வணக்கம் சொன்னாள். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே பெரியவர் அறையில் நின்றாள். பாராட்டு விழாப் பூங்கொத்து மேசையில் வாடிக்கொண்டிருந்தது. ஆறு ஓட்டத்தின் வரைகோடுகளையும் அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவள் ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

"அற்புதம்! என் நிலைகுலைவைக் கட்டுப்படுத்த வழி கண்டுபிடிச்சிருக்கே. சேர்ந்து கட்டுரை எழுதலாம். என் பேரு முதல்ல இருக்கட்டும், உனக்கும் நல்லது."

"சார், அப்படி ஒரு நிலைகுலைவே கிடையாது. பதினோராவது கால்ல ஒரு தகடு இருக்கு. அதை எடுத்தா போதும்."

"வளையத்தைத் தூக்க மூணு வாரம் ஆகும். நேரம் இல்ல. நீ சுத்தின கேபிள் மாதிரி நிரந்தரமாவே கட்டுப்பாட்டுச் சுருள் வெச்சுக்கலாம்."

"செருப்புக்குள்ள கல்லு இருந்தா கல்லை எடுப்பாங்களா, காலுக்குக் கட்டுப் போடுவாங்களா?"

"குரலைக் குறைச்சுப் பேசு."

"பன்னிரண்டு வருஷம் குறைச்சுத்தான் பேசினேன். அதான் உங்களுக்குக் கேக்கல."

வெளியே போகச் சொல்லிவிட்டார். வாசலில் செயலாளர் அம்மாள் ரகசியமாக ஒரு மிட்டாயை அவள் கையில் திணித்தாளாம். அந்தக் கூடத்திலேயே அவளுக்குக் கிடைத்த ஒரே பதக்கம்.

ஆறு வாரம் ஓடியது. புதுச் சுவர் போட்டாகிவிட்டது. மூட வேண்டியதுதான் பாக்கி. மூடுவதற்கு ஒரே ஒரு தாளில் கையெழுத்து வேண்டும்: கசிவுச் சான்று. எல்லா இணைப்பையும் சோதித்தோம், ஓட்டை இல்லை என்று கசிவுப் பிரிவின் தலைவர் எழுதித் தர வேண்டும். அந்தப் பிரிவுக்குத் தலைவரும் தொண்டரும் இவள் ஒருத்திதான். எந்த மூலையில் இவளைத் தள்ளினார்களோ, அந்த மூலையில்தான் சாவி இருந்தது.

பெரியவரே பம்பு அறைக்கு இறங்கி வந்தார். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். பதவி கிதவி எதுவும் எடுபடாது.

"ஏன் இன்னும் கையெழுத்துப் போடல?"

"இருநூத்திப் பதினொன்னு சரியா இருக்கு. ஒண்ணைச் சோதிக்க முடியல."

"எது?"

"மேல்வளையத்துக்கு அடியில, பதினோராவது கால் பக்கத்துல. வளையத்தை அந்தப் பக்கம் தூக்காத வரைக்கும் என் குழாய் அங்க எட்டாது."

"போன தடவை எப்படிப் போட்டாங்க?"

"போன தடவை சோதிக்காமலே போட்டாங்க. அந்தத் தாளும் என்கிட்ட இருக்கு. கீழே உங்க கையெழுத்து."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த இணைப்பு நிஜமாகவே எட்டாத இடத்தில்தான் இருந்தது. விதி நிஜமாகவே 'எல்லா இணைப்பையும்' என்றுதான் சொன்னது. அவர் முகம் சிவந்து, "உன்னை மாத்திடுவேன்" என்றார்.

"எங்க? இதுக்குக் கீழ சாக்கடைதான் இருக்கு."

ஒன்பது நாள் இழுத்தார். மாற்று ஆள் தேடினார். ஹீலியம் பீய்ச்சத் தெரிந்த ஆராய்ச்சியாளர் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒட்டடை அடிக்கத் தெரியாதே! பத்தாம் நாள் குழாய்களை அறுத்து, ஜாக்கி வைத்து, கிரேன்காரர் வளையத்தின் அந்தப் பக்கத்தைத் தூக்கினார். முழுசாகக்கூட அல்ல, இரண்டு கை உயரம். மூன்று வாரம் என்றார்களே, ஒரு காலைப்பொழுதில் முடிந்தது.

காலின் மேல் உட்கார்ந்திருந்தது தகடு. உள்ளங்கை அகலம், சிவப்புப் பெயின்ட். தூசியைத் துடைத்தபோது சுண்ணக்கட்டியில் யாரோ எழுதியது அப்படியே தெரிந்தது: 'தற்காலிகம்.' அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஆறு மில்லிமீட்டர்.

கூட்டமாக நின்ற ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாற்பத்து மூன்று கட்டுரையில் பாதி அவர்கள் எழுதியதுதானே.

முதலில் தன் குழாயை நீட்டி அந்த இணைப்பைச் சோதித்தாள், சொன்ன சொல் தவறக் கூடாதென்று. ஓட்டை இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி, கதவைத் தட்டாமலே உள்ளே போய், பெரியவர் மேசையில் 'ணங்' என்று வைத்தாள். "இந்தாங்க உங்க நிலைகுலைவு," என்றாள்.

இயந்திரம் மூடி, ஓடத் தொடங்கியது. டம் என்ற சத்தமே இல்லை. கணக்கர் கோப்பையைப் பிடிக்காமலே தேநீர் குடித்தார். பெரியவர் சளைக்கிற ஆளா? புதுச் சுவரால்தான் நிலைகுலைவு அடங்கியது என்று நாற்பத்து நாலாவது கட்டுரையை எழுதினார். சுவரும் மாறி, தகடும் போனது ஒரே சமயத்தில். எதனால் சரியானது என்று பிரித்துக் காட்ட முடியாதாம். ஆறு ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இவள் எழுதியனுப்பிய மூன்று பக்க மறுப்பு நிறுவனத்தின் உள்ளறிக்கையாக ஓர் அலமாரியில் தூங்கியது.

ஆனால் பொய்க்கு எத்தனை நாள் ஆயுசு? அவர் ஓய்வுபெற்ற மறுவருஷமே அந்த அலமாரி திறந்தது. உலகத்தின் அத்தனை ஆராய்ச்சிக்கூடங்களிலும் அந்த மூன்று பக்கத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாடப்புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தைக் கிழித்து எறிந்தார்கள். இன்றைக்கு அந்த நிலைகுலைவின் பேர் சொல்லப் பூமியில் ஆளில்லை.

இந்த இடம்வரை எழுதி, எதிரே உட்கார்ந்திருந்தவளிடமே கொடுத்தேன். அவளும் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகிறது. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"யாரு அத்தை கிழிச்சாங்க?"

"படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டுமேன்னு…"

"அஞ்சாவது பதிப்பு வந்திருக்கு. அத்தியாயம் இன்னும் நாலு பக்கம் கூடியிருக்கு." தாள்களைத் தட்டி அடுக்கி என் பக்கம் தள்ளினாள். "அந்த நிலைகுலைவைப் பத்திப் புதுசா ஒருத்தர் கட்டுரை எழுதியிருக்காரு. வெளியிடலாமான்னு சரிபார்த்துச் சொல்லச் சொல்லி, போன வாரம் எனக்கே அனுப்பியிருக்காங்க."